அண்ணாச்சியின் வலது முட்டி

காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை சைக்கிளில் வந்த இரண்டு கிழவர்களில் நான் ஒருவன். இதைக் கேட்டதும் கை கொடுக்க வருகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. எழுபது வயது வரை தினம் சைக்கிள் மிதித்து எங்கள் தெருவில் பால் ஊற்றியவர் ஒருவர் இருந்தார். அவருக்கு எவனும் கை கொடுத்து நான் பார்த்ததில்லை. பென்ஷன் வாங்குகிறவன் மிதித்தால் மட்டும் அது சாதனையாகிவிடுகிறது.

நான் அரசாங்க ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் வீடு. கூட வந்தவர் சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம், இரண்டு தலைமுறைக்கு முன்னால் இங்கே வந்தது. கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு மணக்காட்டில் சும்மா இருக்கிறார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஊரே அவரை அண்ணாச்சி என்கிறது, நானும் அப்படித்தான். அவர் என்னைச் சாமி என்பார். காலையில் கோட்டைக்குள் நடக்கப் போன இடத்தில் பழக்கம். பத்து வருஷமாக ஒரே பெஞ்சு, ஒரே பேச்சு. அவர் பேச்சை ஒருவன் பத்து வருஷம் கேட்டான் என்றால் அதற்குத்தான் பொன்னாடை போர்த்த வேண்டும்.

சைக்கிள் யோசனை அவருடையது. எழுபது வயது வெள்ளைக்காரத் தம்பதி எங்கோ மலையில் சைக்கிள் விடுகிற வீடியோ ஒன்று அவர் போனில் வந்திருந்தது. மறுநாள் பெஞ்சில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“நாம செய்யக் கூடாதா வே? ரயில்ல சைக்கிளக் காசர்கோட்டுக்குக் கொண்டு போயி, அங்கேருந்து மிதிச்சு வந்திருவோம். சாவதுக்குள்ள நம்ம நாட்ட ஒருதரம் முழுசாப் பாக்கணும்லா.”

“உமக்கு மாடி ஏறினாலே மூச்சு வாங்கறது ஓய்.”

“மாடி வேற, சைக்கிள் வேற. சைக்கிள்ள நாம உக்காந்துல்லா இருக்கோம்.”

இந்த மாதிரி வாதத்துக்குப் பதில் சொல்வதே கேவலம் என்று எழுந்து நடந்தேன். அன்றைக்குச் சாயங்காலம் கரமனையிலிருந்து என் மச்சினன் வந்தான். விஷயத்தைக் கேட்டு அவன் சிரித்த சிரிப்பில் காபி புரையேறிற்று. “அத்திம்பேர், கோழிக்கோடு வரைக்கும் மிதிப்பேள். அப்பறம் ரயில்லதான் வருவேள். எழுதி வெச்சுக்கோங்கோ” என்றான். தெருக்கோடிக்குப் போக ஆட்டோ கூப்பிடுகிற பயல் அவன். அவன் வாயை அடைக்கத்தான் நான் கிளம்பினேனே ஒழிய நாட்டைப் பார்க்க அல்ல.

கிளம்புவதற்குள் பட்ட பாடு கொஞ்சமல்ல. சைக்கிள் கடையில் இருந்தவன் கியரைப் பற்றி அரைமணி நேரம் சொற்பொழிவாற்றினான். அண்ணாச்சி வாயைப் பிளந்துகொண்டு கேட்டுவிட்டு, பின்பக்கம் தலையணை வைத்துத் தைத்த ஒரு கால்சட்டையையும் வாங்கிக்கொண்டார். அதைப் போட்டுக்கொண்டு அவர் நடந்த நடையைப் பார்த்து அவர் பேத்தி அழுதாள். எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு எப்படியோ செய்தி போயிற்று. திரும்பி வரும்போது தெருமுனையில் வரவேற்பு, ஃப்ளெக்ஸ், பொன்னாடை எல்லாம் உண்டு என்றார். ‘முழுக்க முழுக்க மிதித்தே வந்த’ என்று ஃப்ளெக்ஸில் போடலாம் அல்லவா என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

தேதி குறித்தவன் நான். அது அப்பாவின் திவசம் வரும் மாதம். நான் ஒரே பிள்ளை. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. ஜுரத்தோடு உட்கார்ந்து செய்திருக்கிறேன். திவச நாளை எங்கள் தெருவில் யாரும் தானாகப் பார்த்துக்கொள்வதில்லை, சாஸ்திரிகளைக் கேட்பார்கள். பிற்பகலில் எந்தத் திதி இருக்கிறதோ அதுதான் கணக்கு. அவர் பஞ்சாங்கத்தைப் பிரித்து நாழிகை பார்த்துச் சொல்வார். இந்த வருஷம் எனக்கு அவரைக் கேட்கப் பிடிக்கவில்லை. கேட்டால் பயண விஷயம் தெரிந்து, இந்த வயசில் இதெல்லாம் எதுக்கு என்று ஆரம்பிப்பார். சமையலறைச் சுவரில் மலையாளக் காலண்டர் தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் நவமி என்று போட்டிருந்தது. அப்பா போனது நவமியில். இதற்கு ஒரு சாஸ்திரிகள் வேறு வேண்டுமா என்று அதை வைத்தே ரயில் டிக்கெட் எடுத்தேன். காலண்டரில் போடுவது சூரியன் உதிக்கும்போது இருக்கிற திதியை மட்டும்தான் என்பது எங்கள் அக்ரஹாரத்தில் பூணூல் போட்ட எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கு அது என் மண்டையில் ஏறவில்லை.

“வீட்டுக்கு என்னைக்கு வந்து சேரணும் வே?” என்று அண்ணாச்சி ஒரு தடவை கேட்டார்.

“அதெல்லாம் நான் பாத்தாச்சு. அப்பா திவசத்துக்குள்ள வரணும், அவ்வளவுதான். நீர் ஒழுங்கா மிதிச்சாப் போறும்” என்றேன்.

மிதித்தாரா என்றால், மிதித்தார். டீக்கடைக்கும் டீக்கடைக்கும் இடையில். காசர்கோட்டிலிருந்து கொல்லம் வரை தேசிய நெடுஞ்சாலையில் அவர் உட்காராத பெஞ்சு கிடையாது. டீ வருவதற்குள் கடைக்காரனுக்கு எத்தனை பிள்ளைகள், யார் வளைகுடாவில் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். “இந்த வயசில் இதொக்கெ வேணோ சேட்டா?” என்று எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவர் ஒவ்வொருவனுக்கும் முதல் தடவை சொல்கிற மாதிரி விஸ்தாரமாகப் பதில் சொன்னார். நான் சைக்கிளை விட்டு இறங்காமல் ஒற்றைக்காலை ஊன்றியபடி வெயிலில் நிற்பேன். வேண்டுமென்றேதான் நிற்பேன். அதைப் பார்த்தாவது சீக்கிரம் எழுந்திருப்பார் என்று நினைப்பு. அவர் எனக்கும் ஒரு டீ சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொள்வார்.

படம் எடுப்பது இன்னொரு இம்சை. ஆறு, பாலம், தோணி, எருமை எதையும் விடமாட்டார். எடுத்த படத்தையெல்லாம் ராத்திரி லாட்ஜில் உட்கார்ந்து பேரன் பேத்திகளுக்கு அனுப்புவார். எல்லாப் படத்திலும் ஓரத்தில் என் முதுகு இருக்கும். ‘சாமி முன்னே போறார்’ என்று குரல்பதிவு செய்து அனுப்புவார். முன்னே போகாமல் என்ன செய்வது? இரண்டு பேரும் அவர் வேகத்தில் வந்திருந்தால் இன்னும் கண்ணூரில்தான் இருந்திருப்போம்.

பொன்னானியில் அவருடைய வலது முட்டி வீங்கியது. ஒரு நாள் போயிற்று. லாட்ஜ் அறையில் அவர் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்க, நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆலப்புழையில் மறுபடி வீங்கியது, இன்னொரு நாள் போயிற்று. “உமக்கு என்னால தாமசம்” என்று இரண்டு தடவையும் சொன்னார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருந்தாலும் என் கணக்கில் இடம் இருந்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொல்லம் வந்தோம். புதன்கிழமை வர்க்கலை வரை மெதுவாகப் போய்த் தங்குவது, வியாழக்கிழமை வீடு, வெள்ளிக்கிழமை திவசம். அவர் முட்டிக்காக மிச்ச தூரத்தை இரண்டாகப் பிரித்தவனே நான்தான். பெரிய உபகாரம் செய்தது போல் அதைச் சொல்லவும் செய்தேன்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு ஆத்துக்காரி போன் செய்தாள்.

“நேத்து கோயில்ல சாஸ்திரிகளப் பாத்தேன். திவசம் நாளைக்குங்கறார். நீங்க வெள்ளிக்கிழமைன்னேளே?”

“காலண்டர்ல போட்டிருக்கே.”

“வெள்ளிக்கிழமை காலம்பற எட்டரைக்கெல்லாம் நவமி போயிடறதாம். நாளைக்கு மத்தியானம்தான் இருக்காம். உங்காத்துக்காரர் ஏன் என்னைக் கேக்கலேன்னு கேட்டார். நான் என்ன பதில் சொல்றது?”

வந்துவிடுகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கொல்லத்திலிருந்து ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் தம்பானூர் ஸ்டேஷன், அங்கிருந்து வீடு கூப்பிடு தூரம். எந்தப் புத்தியுள்ளவனும் அதைத்தான் செய்வான். எனக்கு மச்சினனின் சிரிப்பும், தெருமுனையில் கட்டப்போகிற ஃப்ளெக்ஸும் கண்ணில் நின்றன. அப்பாவுக்குப் பிண்டம் போடப் போகிறவன் ஃப்ளெக்ஸைப் பற்றி யோசித்தேன். என்ன ஜன்மமோ.

அண்ணாச்சி பல் தேய்த்துவிட்டு வந்தார். என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார்.

“நாளைக்கு திவசம். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள நான் ஆத்துல இருக்கணும்.”

“நாளைக்கா? வர்க்கலைல தங்குவோம்னு நீருதானே வே சொன்னீரு?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்ல எனக்குப் பத்து வார்த்தைகூடத் தேவைப்பட்டிருக்காது. காலண்டரைத் தப்பாகப் பார்த்துவிட்டேன் ஓய் என்றால் அவர் சிரித்திருப்பார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம். பன்னிரண்டு நாளாக ஒழுங்கு, கட்டுப்பாடு என்று அவருக்குப் பாடம் எடுத்தவன் நான்.

“உமக்கு வலிக்கறதேன்னு சொன்னேன். ராத்திரி ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும், சேந்தாப்பல போயிடலாம்னு பாத்தேன். பொன்னானியில ஒரு நாள், ஆலப்புழையில ஒரு நாள். அந்த ரெண்டு நாள் கையில இருந்தா இப்படித் தவிக்க வேண்டாம்” என்றேன்.

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ரயில்ல போயிரும் வே. நான் ரெண்டு சைக்கிளயும் எப்படியாவது கொண்டு வாரேன்.”

“முடியாது. மிதிச்சுத்தான் வருவேன்னு சொல்லிட்டுக் கிளம்பினவன். நீர் வேணா ரயில்ல வாரும்.”

“சவத்த, நான் எதுக்கு ரயில்ல வாரேன். ஒம்ம அப்பாவுக்க காரியம் எனக்க முட்டியால முடங்கப்பிடாது. எடும் சைக்கிள.”

ஏழு மணிக்குக் கிளம்பினோம். எழுபது கிலோமீட்டர் சொச்சம். திவசத்துக்கு முதல் நாள் அதைச் செய்கிற கர்த்தா ஒரு வேளைதான் சாப்பிட வேண்டும், அதுவும் ஆத்துச் சாப்பாடு. பன்னிரண்டு நாளாக ஓட்டல் ஓட்டலாகப் புட்டும் கடலையும் அடித்தவனுக்குப் பதின்மூன்றாம் நாள் ஆசாரம் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. வாழைப்பழமும் இளநீரும் போதும் என்றேன். கொட்டியம் தாண்டினோம், சாத்தன்னூர் தாண்டினோம், பாரிப்பள்ளி தாண்டினோம். ஒரு டீக்கடையிலும் அவர் நிற்கவில்லை. எருமையைப் படம் எடுக்கவில்லை. இந்த மனுஷனுக்குக் கடைசி நாளிலாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

கல்லம்பலத்தில் இளநீர் குடிக்க நின்றோம். பக்கத்துக் கடையில் பழம்பொரி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“நீர் போய் ஏதாவது சாப்பிடும் ஓய். உமக்கென்ன விரதம்?”

“பசிக்கல” என்றார். அறுபத்தாறு வயதில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆற்றிங்கல் பக்கம் ரோடு ஏறி ஏறி இறங்குகிறது. அகலப்படுத்துகிற வேலையில் ஒரே புழுதி, லாரிகள் காதோரம் போயின. ஒரு ஏற்றத்தில் திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சி இடது காலால் மட்டும் மிதித்துக்கொண்டிருந்தார். வலது காலைப் பெடல் மேல் வைத்திருந்தாரே தவிர அது வேலை செய்யவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் முகம் கோணிற்று. முட்டிக்கு மேல் கால்சட்டை இறுகிப் பிதுங்கியிருந்தது. நின்றிருக்க வேண்டும். மணியைப் பார்த்தேன். “இன்னும் முப்பதுதான். தம் பிடிச்சு வாரும்” என்று கத்திவிட்டு மறுபடி மிதித்தேன்.

கழக்கூட்டத்தில் சிக்னல். டெக்னோபார்க் பிள்ளைகள் மூன்று பேர், உடம்போடு ஒட்டிய பளபளச் சட்டையும் ஹெல்மெட்டுமாக, ஆளுக்கொரு விலை உயர்ந்த சைக்கிளில் வந்து பக்கத்தில் நின்றார்கள். ஏ.சி. ஆபீசுக்கும் ஃப்ளாட்டுக்கும் நடுவில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டுவதற்கு இவ்வளவு வேஷம். “அங்கிளே, எவிடுந்நா?” என்றான் ஒருவன். காசர்கோடு என்றதும் மூவருக்கும் கண் விரிந்தது. செல்ஃபி வேண்டும் என்றார்கள். எனக்கு எரிச்சல், ஆனாலும் இறங்கி நின்றேன். தலையைக்கூடச் சரி செய்துகொண்டேன். அண்ணாச்சியை இறங்கச் சொன்னார்கள். அவர் ரோடு நடுவிலிருந்த கம்பியைப் பிடித்தபடி சீட்டிலேயே இருந்தார்.

“இறங்குமே ஓய், ஒரு நிமிஷம்” என்றேன்.

“இறங்கினா மறுபடி ஏற முடியாது வே. நீரு எடுத்துக்கிடும்” என்றார். அந்தப் பிள்ளைகள் அவரைச் சுற்றி வந்து நின்றுகொண்டு படம் எடுத்தார்கள். அதில் அவர் சிரிக்கிறார்.

ஸ்ரீகார்யம், உள்ளூர், பட்டம், பாளையம். கோட்டை வாசலைத் தாண்டி எங்கள் தெருமுனைக்கு வந்தபோது மணி நாலு. ஒரு நாள் முன்னதாகவே வருகிறோம் என்று ஆத்துக்காரி சொல்லியிருந்தாள் போல, செயலாளர் சங்கத்து ஆட்களோடு காத்திருந்தார். ஃப்ளெக்ஸில் எங்கள் இருவர் தலையும் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. மச்சினனும் வந்திருந்தான். அவன் முகத்தைப் பார்க்கத்தானே இவ்வளவும், பார்த்தேன். வேர்வைச் சட்டை மேல் பொன்னாடை விழுந்தது. அண்ணாச்சிக்குச் சைக்கிளில் வைத்தே போர்த்தினார்கள். பிறகு அவர் மகன் காரைக் கொண்டு வந்து, இரண்டு பேராக அவரைத் தூக்கி இறக்கி உட்கார வைத்தார்கள். கார்க் கதவை மூடும் முன்னால் என்னைக் கூப்பிட்டார்.

“நேரத்துக்குக் கொண்டு சேத்துட்டேன்லா வே?”

“சேத்துட்டீர்” என்றேன்.

மறுநாள் திவசம் நல்லபடி நடந்தது. காக்காய் உடனே வந்து எடுத்தது. சாஸ்திரிகள் மந்திரங்களுக்கு நடுவில் என்னை நிமிர்ந்து பார்த்து, “இனிமே காலண்டரப் பாக்காதீங்கோ, என்னைக் கேளுங்கோ” என்றார். சரி என்றேன். அந்தக் காலண்டரை ஆத்துக்காரி ஏற்கெனவே கழற்றிக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்தாள்.

ஒரு வாரம் கழித்து அண்ணாச்சியை டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். நானும் போனேன். முட்டிக்குள் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று படத்தைக் காட்டினார். முன்பே கொஞ்சம் கிழிந்திருக்கும், நிறுத்தி ஓய்வு எடுத்திருந்தால் அதுவே ஆறியிருக்கும், அந்தக் கடைசி எழுபது கிலோமீட்டர்தான் கெடுத்துவிட்டது என்றார். ஆபரேஷன் செய்தார்கள். இப்போது தடி ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறார். படி ஏறக்கூடாது, சைக்கிளை மறந்துவிட வேண்டும். கோட்டைக்குள் அந்தப் பெஞ்சுக்கு அவர் வருவதில்லை. நான்தான் மணக்காட்டுக்குப் போகிறேன்.

போனால் யாராவது பார்க்க வந்திருப்பார்கள். அவர்களுக்கு அண்ணாச்சி கதை சொல்லிக்கொண்டிருப்பார். டீக்கடை, எருமை, பொன்னானிப் பாலம் எல்லாம் வரும். கடைசியில் தவறாமல் இது வரும்: “எனக்க முட்டியால ரெண்டு நாள் போச்சு. சாமிக்கு அப்பாவுக்க திவசமே தவறியிருக்கும். முப்பத்தொரு வருசம் தவறாத மனுசன் பாத்துக்கிடுங்க. முட்டி போனாப் போவுதுன்னு ஒரே சவிட்டுச் சவிட்டி வீட்டுல கொண்டாந்து விட்டேன்.” வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டுவேன். ஒரு தடவை அல்ல, இதுவரை இருபது தடவையாவது ஆட்டியிருப்பேன்.

“அவர்கிட்ட சொல்லிடுங்கோளேன்” என்றாள் ஆத்துக்காரி ஒரு நாள்.

“சொன்னா முட்டி சரியாயிடுமா?” என்றேன். அவள் அரிசி களையப் போய்விட்டாள்.

இப்போது அண்ணாச்சிக்குப் புதிதாக ஓர் ஆசை. எங்கள் பயணத்தை நான் எழுத வேண்டுமாம். போகும்போதெல்லாம் எழுதியாச்சா என்று கேட்கிறார். எழுதுகிறேன் என்றேன். எந்த பாஷையில் என்று கேட்டார். தமிழில் என்றதும் அவர் முகம் வாடிப்போயிற்று.

“மலையாளத்துல எழுதும் வே. நானும் வாசிப்பேன்லா.”

வீட்டில் தமிழ் பேசுகிறாரே ஒழிய அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். நாகர்கோவிலிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால் அவர் சம்சாரம்தான் படித்துக் காட்ட வேண்டும், அந்த அம்மாள் போன வருஷம் காலமாகிவிட்டாள். மகனுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தமிழ் எழுத்தே தெரியாது. மலையாளம் எனக்கு அவ்வளவாக வராது அண்ணாச்சி என்று சொன்னேன், அவர் நம்பினார். முப்பத்துமூன்று வருஷம் ஆபீசில் நான் ஃபைல் எழுதியது மலையாளத்தில்தான்.